மாமரத்தில் ஏறிய மனோரஞ்சிதம்

வெகு காலத்துக்கு முன்பு கொன்றையூரை ஒரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் சிரித்தால் மத்தியானம் சீறுவார். அவர் சபையில் போய் நின்ற அன்று, எங்கே எதையாவது தப்பாகச் சொல்லித் தொலைப்போமோ என்று மந்திரியின் மனைவி வெள்ளையம்மாளுக்கு ஒரே பயம்.

சங்கதி இதுதான். அரண்மனைத் தோட்டத்து மாமரம் அந்த வருஷம்தான் முதன்முதலாகக் காய்த்தது. ஒரே ஒரு பழம். ராஜா தினமும் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வருவார். அன்று காலையில் காம்பு மட்டும்தான் இருந்தது. மரத்துக்குப் பக்கத்தில் மனோரஞ்சிதக் கொடி வைத்து, பந்தல் போட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்தவள் வெள்ளையம்மாள். மந்திரியோ வெளியூர் போயிருந்தார்.

மந்திரி பதவி மேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த சேனாதிபதி தாண்டவராயருக்கு இது போதாதா? "பிரபு, அந்தப் பக்கம் போய்வருவது மந்திரி வீட்டம்மா ஒருவர்தான். ஒரு பழத்தை விட்டுவைக்காத குடும்பத்துக்குப் பதவி எதற்கு?" என்றார்.

"அம்மணி, பழத்தைத் தின்றது யார்? பதில் வராவிட்டால் உன் புருஷன் இந்த ஊருக்குத் திரும்ப வேண்டாம்" என்றார் ராஜா.

வெள்ளையம்மாள் முந்தானையைத் திருகினாள். "மகாராஜா, எனக்குச் சரியாகச் சொல்ல வராது. என் கொடியைக் கேட்கலாம். மனோரஞ்சிதம் அவரவர் மனசில் நினைக்கிற பழமாக மணக்கும் என்பார்கள். தின்றவர் நெஞ்சில் அந்த மாம்பழம்தானே இருக்கும்?"

ராஜாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "கொண்டு வா பூவை!"

இலைகளுக்குள் தேடி ஒரு பூவைப் பறித்துவந்து நீட்டினாள். அரண்மனை ஆட்களை ஒவ்வொருவராக முகரச் சொன்னார் ராஜா. காவல்காரன் முகர்ந்துவிட்டு விழித்தான். "சாமி, ஜலதோஷமோ என்னவோ, ஒண்ணுமே வரலை." சமையற்காரரும் உதட்டைப் பிதுக்கினார். தாண்டவராயர் மட்டும் பூ மூக்கில் படுவதற்குள் கூவினார்: "பலா! சுளை சுளையாகப் பலா! மாம்பழ வாசனை துளிக்கூட இல்லை!"

ராஜா பூவை வாங்கி முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். "என்ன அம்மணி, எனக்கும் ஒன்றும் வரவில்லையே?"

"வராது மகாராஜா. இது இன்னும் பச்சைப் பூ. மஞ்சளாகப் பழுத்தால்தான் மணக்கும்."

சபை கொல்லென்று சிரித்தது. "வாசனையே இல்லாத பூவில் பலாச்சுளை எடுத்தவரே, மாம்பழம் இனித்ததா?" என்றார் ராஜா.

தாண்டவராயரின் தலை தொங்கியது. "கொஞ்சம் புளிப்பு, பிரபு."

"அப்படியானால் இனி அந்தக் கொடிக்குத் தண்ணீர் சுமப்பது உம்முடைய வேலை. அம்மணி, உன் புத்திக்குப் பரிசாக மாமரத்தை உன் பொறுப்பில் விடுகிறேன். அடுத்த வருஷம் பழம் காணாமல் போனால் உன்னைத்தான் கேட்பேன்."

பரிசைக் கேட்டதும் வெள்ளையம்மாள் வீட்டுக்குக்கூடப் போகாமல் தோட்டத்துக்கு ஓடி, பந்தலைப் பிரித்து, கொடியை மாமரத்தின் மேலேயே ஏற்றிக் கட்டினாள். அதற்கப்புறம் பூ பழுத்து மணக்கும் நாளெல்லாம், என்ன வாசனை என்று ராஜா கேட்டுவிடுவாரோ என்று, அரசவைக்காரர்கள் அத்தனை பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டே அந்த மரத்தைத் தாண்டிப் போனார்கள்.