வெள்ளைக் கொடிக்குச் சிரித்த சபை

முன்னொரு காலத்தில் கொற்றந்துறை என்ற கடற்கரை நாட்டைப் பரிதிவேலன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் எடுத்த முடிவு மதியச் சாப்பாடுவரை தாங்காது. அவனிடம் ஏழு போர்க்கப்பல்கள் இருந்தன. கரையை விட்டு நகர்ந்துவிட்டால் அவற்றோடு பேச வழியில்லை. கொம்பு ஊதினாலும் முரசு அடித்தாலும் காற்று தின்றுவிடும்.

இதற்கு மந்திரி அம்பலத்தாடி ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் கண்டுபிடித்தார் என்பது பாதிதான் உண்மை. துறைமுகப் பாறைமேல் இருந்த கோபுரத்தில் கூத்தன் என்று ஒரு மீனவன் இருந்தான். மீன் கூட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று படகுக்காரர்களுக்குத் துணி வீசிக் காட்டுகிறவன். அவனோடு உட்கார்ந்துதான் மந்திரி பத்துக் கொடிகள் தைத்தார். பச்சை ஏறினால் புறப்படு. மஞ்சள் ஏறினால் வலப்பக்கம் போ. சிவப்பு ஏறினால், எதிரி இந்தக் கொடியடியில் இருக்கிறான், எல்லோரும் வந்து தாக்குங்கள். இப்படியே போய், பத்தாவது வெள்ளை: போனது போதும், திரும்பி வா.

"கடலுக்குப் போறவனுக்கு மொதல்ல வேண்டியது இந்த வெள்ளைதான் சாமி" என்று தைக்கும்போதே கூத்தன் சொல்லியிருந்தான்.

கொடிகள் சபைக்கு வந்தன. மந்திரியின் பெயர் ஓங்கினால் தளவாய் எழினிராயருக்கு வயிறு எரியும். அவர் பத்தாவது கொடியை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். "மகாராஜா, இது யாருக்கு? நம் வீரர்களுக்கா, கோழைகளுக்கா?"

ராஜாவின் முகம் மாறியது. "என் கப்பலைத் திரும்பி வரச் சொல்லி ஒரு கொடியா? அமைச்சரே, என்ன இது?"

வாசலோரம் நின்ற கூத்தன் மந்திரியைப் பார்த்தான். வேண்டும் மகாராஜா, இதுதான் முக்கியம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்ன செய்ய, மந்திரிக்கு நாக்கு நுனியில் ஒரு விகடம் வந்துவிட்டது. வந்ததை விழுங்கத் தெரியாத மனுஷன்.

"அது கப்பலுக்கு இல்லை மகாராஜா, என் வீட்டுக்கு. சபைக்குப் போனால் நான் வீடு திரும்புவதே இல்லை என்று என் மனைவிக்குக் குறை. மாடியில் ஏற்றிப் பார்க்கட்டும் என்று தைத்தேன்."

சபை குலுங்கிச் சிரித்தது. ராஜா மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தான். வெள்ளைக் கொடி நீங்கியது, மற்ற ஒன்பதும் நின்றன. கூத்தன் மட்டும் சிரிக்கவில்லை. மந்திரி அதைக் கவனித்தார், கவனித்தும் மோதிரத்தைப் போட்டுக்கொண்டார்.

ஆவணியில் ஒரு நாள் தூரத்தில் ஐந்து அந்நியப் பாய்கள் தெரிந்தன. ராஜா யோசிக்கவா செய்வான்? பச்சைக் கொடி ஏறியது. தளவாய் முன்னால் போக, ஏழு கப்பல்களும் பாய்ந்தன. அவை பாதிக் கடல் போன பிறகு தரைவழியாக ஒரு தூதன் மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். வழியில் குதிரை நொண்டியதால் இரண்டு நாள் தாமதம். வருவது எதிரி இல்லை. ராஜாவின் ஒரே மகள் அல்லியங்கோதை, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிறாள், புருஷன் நாட்டுக் கப்பல்களில்.

ராஜா பதறி எழுந்தான். "படகு அனுப்புங்கள்."

"எட்டிப் பிடிக்க முடியாது மகாராஜா."

"அப்படியானால் திரும்பி வரச் சொல்லிக் கொடி ஏற்றுங்கள்."

"அந்தக் கொடி நம்மிடம் இல்லையே" என்றார் மந்திரி. தன் குரலே அவருக்குக் கசந்தது. பிறகு சட்டென்று நிமிர்ந்தார். "சிவப்பு இருக்கிறது. நம் கோபுரத்தில் ஏற்றுவோம்."

"என் ஊரையே தாக்கச் சொல்கிறீரா?"

"தாக்குவதற்காவது திரும்பி வருவார்கள் அல்லவா? வந்ததும் உங்கள் வெண்குடையோடு படகில் எதிரே போய் நில்லுங்கள். குடையைப் பார்த்தால் வில்லைக் கீழே போடுவார்கள்."

மந்திரி பாறையடிக்கு ஓடினார். "கூத்தா, கடைசிக் கப்பல் திரும்பும்வரை கொடியை இறக்காதே."

கூத்தன் ஏன் என்று கேட்கவில்லை. "சரி சாமி" என்று ஏறினான்.

சிவப்பைக் கண்டதும் ஒவ்வொரு கப்பலாகத் திரும்பியது. தளவாயின் கப்பல் மட்டும் முதல் வெற்றி தனக்கே என்ற ஆசையில் இன்னும் கொஞ்ச தூரம் போனது. அதற்குள் முன்னால் திரும்பியவை கோபுரத்தை நெருங்கிவிட்டன. ராஜாவின் படகோ அலையில் தத்தளித்துக்கொண்டிருந்தது. ஒரு வழியாகத் தளவாயும் திரும்பினார். இளவரசி தப்பினாள்.

இனி கூத்தன் இறங்கலாம். மந்திரி மணலில் நின்று மேல்துண்டை உருவி வீசினார். தொண்டை கிழியக் கத்தினார். காற்றில் ஒன்றும் எட்டவில்லை. கூத்தன் அவரைப் பார்த்தான். வீசுவதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு நொடி யோசித்தான். பிறகு, போதவில்லை போலிருக்கிறது என்று எண்ணிக் கொடியை இன்னும் உயரத் தூக்கிப் பிடித்தான். தீயம்புகள் அங்கேதான் வந்து விழுந்தன. வெண்குடை தெரிந்து விற்கள் தாழ்ந்தபோது கோபுரம் எரிந்துகொண்டிருந்தது, கூத்தனோடு.

மறுநாள் சபை கூடியது. "கோழைக்குக் கொடியா என்று கேட்டீரே" என்றான் ராஜா தளவாயிடம். "இனி எந்தப் பயணத்திலும் அந்த வெள்ளைக் கொடியை உம் தோளில்தான் சுமக்க வேண்டும்." மந்திரிக்குத் தன் கழுத்து முத்துமாலையைப் போட்டான். "அமைச்சரே, உம்மைப் போல் புத்திசாலி உண்டா?"

"அன்று புத்தி கூத்தனிடம் இருந்தது மகாராஜா. என்னிடம் நாக்குதான் இருந்தது" என்றார் மந்திரி. யாரும் சிரிக்கவில்லை.

மாலையைக் கொண்டுபோய்க் கூத்தன் மனைவி நாச்சியிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"நீங்க துண்ட வீசுனதக் கரையே பாத்துச்சாம். எறங்கி வான்னு சொன்னது அவருக்குப் புரிஞ்சுதா சாமி?"

புரிந்தது என்று சொல்லிவிடலாம். எதற்கும் பதில் வைத்திருக்கிறவர்தானே.

"இல்லம்மா" என்றார் அம்பலத்தாடி. "அதைச் சொல்ல ஒரு கொடி தச்சு வச்சிருந்தான். சபை சிரிக்கட்டும்னு நான்தான் அதை விட்டுட்டேன்."

 நாச்சி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.