கிடையில் கொட்டிய சோறு

கரிசல்காட்டின் ஓரத்தில் பூரணத்தம்மாளின் மடம் இருந்தது. மடத்தில் எல்லோரும் அம்மா என்று அழைக்கும் அவர் ஆட்டுக்காரர் வீட்டில் பிறந்தவர். வருடந்தோறும் ஓச்சம்மாள் தன் ஆடுகளை ஓட்டிவந்து மடத்து நிலத்தில் கிடை போடுவாள். ராத்திரி ஆடுகள் படுத்து எழுந்தால் நிலத்துக்கு உரம்.

அந்த வருடம் மழை பொய்த்துவிட்டது. காய்ந்த புல்லும் சருகுமே தின்று, விலா எலும்பு தெரிய ஆடுகள் வந்து சேர்ந்தன.

குருபூசையன்று பந்தி முடிந்தும் சோறு மீந்தது. பரிமாறும் பொறுப்பு சீடன் அம்பலவாணனுடையது. நாற்பது கடந்தவன், பந்தியில் கெட்டிக்காரன். இலைமேல் கையை விரித்து வேண்டாம் என்பவர்களுக்கு விரலிடுக்கில் ஒரு கரண்டி விழும். அதுதான் மரியாதை என்று அவனும் நினைத்தான், சாப்பிட வந்தவர்களும் நினைத்தார்கள்.

மீந்ததை ஆடுகளுக்குப் போடட்டுமா என்று ஓச்சம்மாளைக் கேட்டான். பட்டினி கிடந்த ஆடுகள், சோறு தாங்காது, வேண்டாம் சாமி என்றாள். கூச்சப்படுகிறாள் என்று அவன் சிரித்துக்கொண்டான். அவள் தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து, அண்டா அண்டாவாகக் கிடையில் கொட்டினான். ஆடுகள் முட்டி மோதித் தின்றன. பார்க்கப் பார்க்க அவனுக்குக் கண் கலங்கியது.

மறுநாள் ஆடுகள் எழவில்லை. உச்சிப்பொழுதுக்குள் சில செத்துவிட்டன. மற்றவை வயிறு உப்பி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு கிடந்தன.

ஓச்சம்மாள் நேரே அடுக்களைக்கு வந்தாள். அவன் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி வாசல் புழுதியில் வீசினாள்.

“ஒங்க பந்தியில கை மறிக்கிறவன் ரெண்டு ஏப்பம் விட்டுட்டு எந்திரிச்சுப் போயிருவான் சாமி. எம் ஆடு எந்திரிக்கலையே. வேண்டாம்னு சொன்னேனா, இல்லையா?”

அதற்குமேல் அவள் சொன்னதெல்லாம் மடத்தில் யாரும் கேட்டிராத சொற்கள். எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

அம்பலவாணன் கரண்டியைக் கழுவக்கூட இல்லை. அப்படியே எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனான். நான் திருடினேனா, விஷம் வைத்தேனா என்று கேட்டான். பூசைச் சோறு அது என்றான். பசித்த வாயில்லா ஜீவனுக்குச் சோறு போட்டதற்கு இந்தப் பேச்சா என்று கேட்டான். அவளைக் கூப்பிட்டுக் கண்டிக்க வேண்டும், இல்லையென்றால் அன்றோடு கரண்டியைக் கீழே வைத்துவிடுவேன் என்றான்.

“வா” என்றார் அம்மா.

வேலியோரம் ஓச்சம்மாளின் தம்பி, எதனால் செத்தது என்று பார்க்க ஓர் ஆட்டை அறுத்துப் போட்டிருந்தான். அம்மா குனிந்து அதன் பெருவயிற்றை விரித்துப் பிடித்தார்.

“என்ன இருக்கிறது?”

“சோறு.”

“எப்படி இருக்கிறது?”

“பருக்கை பருக்கையாக அப்படியே கிடக்கிறது. புளித்து நாறுகிறது.”

“வயிற்றின் உள்சுவரைத் தொடு.”

தொட்டான். நனைந்த காகிதம் மாதிரி உள்தோல் விரலோடு உரிந்து வந்தது. கையை இழுக்கப் பார்த்தான். அம்மா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“எடுக்காதே. இந்தத் தோல்தான் ஆட்டைக் காப்பாற்றுவது. தின்றது இங்கே நொதித்துப் புளிக்கும். அந்தப் புளிப்பையும் உப்பையும் ரத்தத்துக்குள் வாங்கிக் கொடுப்பது இது. அந்தப் புளிப்பிலிருந்துதான் ஆட்டுக்குத் தெம்பு. நல்ல ஆட்டுக்கு இதன்மேல் குட்டிக் குட்டி நாக்குகள் துவாலை மாதிரி அடர்ந்து நிற்கும்.”

“இதில் ஒன்றும் இல்லையே.”

“பட்டினியில் சுருங்கிப் போயின. மறுபடி வளர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாங்கும்.”

“நிறையப் போட்டால்?”

“வாங்க முடியாத புளிப்பு தேங்கி நிற்கும். வாங்குகிற தோலையே அரித்துவிடும்.”

“நான் அன்போடுதான் போட்டேன்” என்றான். குரலில் இன்னும் சூடு இருந்தது.

“அதை யார் இல்லையென்றது? ஆடு செத்துக் கிடக்கிறது.”

அம்மா கையை விட்டார். அம்பலவாணன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணீர் வந்தது. உடனே வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

“இப்போதே போகிறேன் அம்மா. ஊர் பார்க்க அவள் காலில் விழுகிறேன். என் ஆயுசுக்கும் அவள் கிடையில் கிடந்து சேவகம் செய்கிறேன் என்று சொல்கிறேன்.”

“நில். அதையும் அவள் தலையில் கொட்டப் போகிறாயா?”

“பின்னே நான் என்னதான் செய்வது?” கோபம் திரும்பி வந்துவிட்டது.

அம்மா வேலிக்கு அப்பால் பார்த்தார். ஓச்சம்மாள் ஓர் ஆட்டின் தலையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். இவனைக் கண்டதும் அவள் முகம் இறுகியது.

“பிழைத்துக் கிடக்கிற ஆடுகளுக்கு ஒரு கட்டு வைக்கோல் கொண்டு போ. அசைபோட்டால் எச்சில் ஊறும், எச்சில் புளிப்பைத் தணிக்கும். அவள் உன்னைத் திட்டுவாள். வாயைத் திறக்காமல் நின்று கேள். உனக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்போம்.”