பார்த்தவர்க்கு இடமில்லை

பூவாணிப்பட்டி சங்கீத நாடக சபாவில் மூளைக்குப் பஞ்சமே கிடையாது. ஆளுக்கொன்று இருந்தது. எடுத்தால் தேய்ந்துவிடுமோ என்று பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

போன வருஷம் முழுக்க ஒரே ராஜா நாடகத்தைப் போட்டு ஊரை வதைத்தார்கள். அதனால் இந்தத் தடவை கொட்டகை முதலாளி ஆண்டியப்பன் கறாராகச் சொல்லிவிட்டார்.

"ராஜா கதை, பேய்க் கதை, கல்யாணக் கதைன்னு தினம் ஒரு தினுசாப் போடுங்க. பார்த்ததையே ஜனம் திரும்பப் பார்க்கக் கூடாது. பார்த்தாங்கன்னு தெரிஞ்சுது, கொட்டகையை சர்க்கஸ்காரனுக்குக் குடுத்திருவேன்!"

கொட்டகை போனால் சபாவுக்குப் போக்கிடம் இல்லை. சபாவை நடத்தும் வாத்தியார் சங்கிலிமுத்து அன்றைக்கே தினம் ஒரு கதையாகப் பட்டியல் போட்டார்.

முதல் நாள் ராஜா கதை அமர்க்களப்பட்டது. மறுநாள் பேய்க் கதை. ராஜாவாக நடித்த தவசிலிங்கம்தான் பேயும். அரிதாரம் பூச உட்கார்ந்தவர் கண்ணாடியைப் பார்த்து அலறினார்.

"வாத்தியாரே! இது நேத்துப் பார்த்த மூஞ்சியாச்சே!"

சபாவே கூடி யோசித்தது.

"முதுகைக் காட்டி நடி. அதை யாரும் பார்க்கலை," என்றார் வாத்தியார்.

பேய் திரும்பி நின்று சுவரைப் பயமுறுத்தியது. ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. பேயைக் கண்டு இத்தனை சந்தோஷப்பட்ட ஊர் வேறு இருக்காது.

அடுத்தது கல்யாணக் கதை. மூஞ்சியும் பார்த்தாயிற்று, முதுகும் பார்த்தாயிற்று. ஹார்மோனியம் சூசை வேறு தலையைச் சொறிந்தார்.

"என் பெட்டியையும் ரெண்டு நாளாப் பார்க்கிறாங்களே, வாத்தியாரே."

பெட்டியோடு சூசையையும் சேர்த்து ஜமக்காளத்தால் மூடினார்கள். மாப்பிள்ளை தவசிலிங்கத்தைப் பாயில் சுருட்டி நிறுத்தினார்கள். அன்றுதான் மேடையேறிய மணப்பெண்ணுக்கு எந்த மூட்டை மாப்பிள்ளை என்று தெரியவில்லை. பாட்டு வந்த பக்கம் மாலையைப் போட்டாள். ஹார்மோனியத்துக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

ஜமக்காளத்தையும் பாயையும் பார்த்தாயிற்று; மறுநாள் மூடுவதற்கு வேறு துணி இல்லை. வாத்தியார் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"நாடகத்தை மாத்திப் பிரயோஜனமில்லைப்பா. பார்த்தவனை உள்ளே விட்டாத்தானே திரும்பப் பார்ப்பான்? விடாதே!"

வாசலில் நின்று, ஏற்கெனவே வந்தவர்களையெல்லாம் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ஊரே திரும்பியது. கடைசியில் முதலாளி வந்தார்.

"என்னையுமா விடமாட்டீங்க?"

"உத்தரவு போட்டதே நீங்கதானே, முதலாளி!"

அவர் வாசலிலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். உள்ளே கொட்டகை காலி. அப்போது தவசிலிங்கம் துள்ளிக் குதித்தார்.

"நம்ம நாடகத்தை முன்னால உட்கார்ந்து பார்க்காதவங்க இந்த ஊர்ல நாம மட்டும்தான் வாத்தியாரே!"

அட, ஆமாம்! எல்லோரும் வேஷத்தோடு ஓடிப்போய் முன் வரிசையில் இடம் பிடித்தார்கள். காத்திருந்தார்கள். கைதட்டினார்கள். விசிலடித்தார்கள். யாரும் திரையைத் தூக்குவதாக இல்லை.

வாத்தியாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு நேரே வாசலுக்குப் போனார்.

"முதலாளி! நேரத்துக்கு நாடகம் ஆரம்பிக்கத் தெரியலை, இதெல்லாம் ஒரு சபாவா? பேசாம கொட்டகையை சர்க்கஸ்காரனுக்கே குடுத்திருங்க!"