ராஜாவோட இரும்புச் செருப்பு

கால என் மேல போடாதடி குட்டி, அத்தைக்கு இடுப்பு வலிக்குது. கண்ண மூடு. "ம்" மட்டும்தான் சொல்லணும். கேள்வி கேட்டே, கதைய நிறுத்திருவேன்.

ஒரே ஒரு ஊர்ல, ஊரு கொள்ளாத படைய வச்சுக்கிட்டு ஒரு ராஜா இருந்தான். பேரு இடிகொண்டான். பக்கத்துல நாணல்பட்டின்னு ஒரு சின்ன நாடு. அங்க கோட்டை கிடையாது, படை கிடையாது, கோழிதான் நெறைய.

அப்போ ராஜா கெளம்பினான். டம் டம் டம்! காலையில போனான், மத்தியானச் சோத்துக்குள்ள நாட்டப் புடிச்சுட்டான். எதுத்து நிக்க ஆளே இல்ல, புடிக்க என்ன கஷ்டம்?

"ம்."

அப்புறம் வாள உருவி ஒரு சபதம் போட்டான். "இந்த ஊர்க்காரங்க என்னை 'வாங்க'ன்னு வீட்டுக்குள்ள கூப்பிடணும். அதுவரைக்கும் இந்த இரும்புச் செருப்பக் கழட்ட மாட்டேன், ஊருக்கும் திரும்ப மாட்டேன்!"

முட்டாப்பய, யாரையாச்சும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நாணல்பட்டில செருப்ப வாசல்ல கழட்டினாத்தான் "வாங்க"ன்னே சொல்லுவாங்க. மாப்பிள்ளையே வந்தாலும் அப்படித்தான். இவனோ கூப்பிட்டாத்தான் கழட்டுவான். நல்லா இருக்கு போ!

மொதல்ல யானைய விட்டான். தொம் தொம் தொம்! சனமெல்லாம் மலைக்கு ஓடிப்போச்சு. அப்புறம் "வாங்க"ன்னு சொல்ல யாரு இருக்கா? யானைங்க நாணலத் தின்னு தீத்துட்டு, பசியில ராஜாவோட கூடாரத்தயும் கடிச்சுதுங்க. யானையக் கட்டித் தீனி போட முடியுமா? ஓட்டி விட்டுட்டான். சனங்க மெல்ல எறங்கி வந்தாங்க.

அப்புறம் ஈட்டி. கோழி வளக்குற பூவாயி கழுத்துல ஈட்டிய வச்சு, "சொல்லு!"ன்னான்.

"வா... வாங்க."

ராஜாவுக்கு வாயெல்லாம் பல்லு. ஈட்டியக் கீழ எறக்கினான்.

"போங்க!" படார்னு கதவு சாத்திக்கிச்சு.

ம் சொல்லுடி.

"ம்."

அப்போ ராஜா, "வீட்டுக்கு ஒரு வீரன் ராப்பகலா ஈட்டியோட நில்லுங்க. வெள்ளிக்கிழம நான் ஊர்வலம் வருவேன், எல்லா வீட்டுலயும் 'வாங்க' கேக்கணும்"னான். புலி வாலப் புடிச்ச கதைதான், விடவும் முடியல, புடிச்சுக்கிட்டே நிக்கவும் முடியல.

வெள்ளிக்கிழம வந்துச்சு. டணக் டணக்னு ராஜா வந்தான். ஒரு வாசல்லயும் வீரனக் காணோம். வாசலுக்கு ஒரு சோடி செருப்பு மட்டும் கெடக்கு.

"டேய் வீரா!"

"ரசஞ்சோத்துல இருக்கேன் ராஜா!"

அடுத்த வீட்டு வீரன் தொட்டில ஆட்டுறான். அதுக்கடுத்த வீட்டுல மாவாட்டுறான். நின்னு நின்னு கால் கடுத்துப்போய்ச் செருப்பக் கழட்டியிருக்கானுங்க, உடனே "வாங்க"ன்னுட்டாங்க. அம்புட்டுப் படையும் போச்சு.

தனியா நின்னான் ராஜா. காலெல்லாம் கொப்புளம். பூவாயி வீட்டுலருந்து கருவாட்டுக் கொழம்பு வாசன வேற வருது. வாசல்லயே உக்காந்து அழுதுட்டான். எனக்கே பாவமா இருக்குடி. கிரீச்... கிரீச்... அவனாவே செருப்பக் கழட்டிட்டான்.

பூவாயி தலையக் கூட நிமுத்தல. "வாங்க. கை கழுவிட்டு உக்காருங்க."

சாப்பிட்டான், சாப்பிட்டான், ஏவ்வ்னு ஏப்பம் விட்டான். "பூவாயி, நீயே கூப்பிட்டுட்ட. அப்போ நான் ஜெயிச்சுட்டேன்தானே?"

"மொதல்ல எலைய எடுத்துப் போடுங்க."

போட்டுட்டு வாசலுக்கு வந்தா, செருப்புக்குள்ள கோழி அடை உக்காந்திருக்கு. கைய நீட்டினான். கொக்க்க்! லொட்டுன்னு ஒரு கொத்து.

"அடையில இருக்கு, எழுப்பாதீங்க. குஞ்சு பொரிச்சதும் வந்து வாங்கிக்கோங்க"ன்னா பூவாயி.

வெறுங்காலோட ஊருக்கு நடந்தான் ராஜா.

இன்னைக்கும் நாணல்பட்டில போய்க் கேளு, "ஒரு ராஜா வந்து உங்க நாட்டப் புடிச்சாராமே?"ன்னு. "அப்படியா? ஒருத்தர் வந்தாரு, சாப்பிட்டுப் போனாரு"ம்பாங்க.

கோழி கூட்டுக்குள்ள போச்சு, கதையும் கூடவே போச்சு. கண்ணத் தொறக்காத, தூங்கு.