கரைக்கு வந்த கூரைகள்

மழையை நம்பி மன்னர்கள் ஆண்ட காலம் அது, கேளுங்கள். மலையடிவாரத்தில் ஓர் ஏரிக்குக் கரை போட்டார்கள். அந்த வேலைக்குக் கண்காணியாகச் செங்கோடனை அமர்த்திய மன்னன், "கரை உடைந்தால் உன் தலை உனக்கில்லை" என்று சொல்லி அனுப்பினான்.

தலை போகிற காரியம். செங்கோடனுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. கண் மறைந்தால் கூலியாள் கையைக் கட்டிக்கொள்வான் என்பது அவன் எண்ணம். முதலில் சாட்டைக்காரர்களை நிறுத்தினான். அடிக்குப் பயந்தார்கள், கூடைகளோ அரைகுறையாகவே வந்தன. அடுத்து, அதிகம் சுமப்பவருக்குப் பட்டு வேட்டி என்றான். ஒருவர் கூடையை ஒருவர் பிடுங்கினார்கள்.

பொழுது சாய்ந்ததும் ஆணும் பெண்ணும் பாடிக்கொண்டே புது மண்ணை மிதித்து இறுக்குவது அவர்கள் வழக்கம். யாரும் சொல்லிச் செய்வதில்லை. அதைக் கூத்தடிப்பு என்று நினைத்த அந்தப் புத்திசாலி, எல்லோரையும் விரட்டினான். மூன்றாவதாக, யாரும் ஓடிவிடாதபடி கரையிலிருந்து இறங்கும் ஒரே வழியில் ஈட்டிக்காரர்களை நிறுத்தினான்.

மழை முந்திக்கொண்டது. ஏரி தளும்பியது. ஒருநாள் நண்பகலில், மிதிபடாத மண் கசிந்து, ஆள் நுழையும் அளவுக்குக் கரை பிளந்தது. வேலையாட்கள் எல்லோரும் தங்கள் குடிசைகளை நோக்கி ஓடினார்கள்.

"நினைத்தேன், ஓடுகிறார்கள். மறியுங்கள்" என்று கத்தினான் செங்கோடன். ஈட்டிகள் குறுக்கே நின்றன.

மண் சுமக்கும் பெண்களுக்குத் தலைவியான பூவாத்தாள் முன்னே வந்தாள். "வழி விடச் சொல்லுங்க, சாமி. உடைப்புல வெறும் மண்ணு நிக்காது. கூரையைப் பிரிச்சுக் கொண்டாரோம்."

அவன் நம்பவில்லை. அவன் தயங்கிய நேரத்தில் உடைப்பு வண்டி நுழையும் அளவாயிற்று. கீழே விளைந்து நின்ற வயல்கள் மூழ்கின. இனி இவர்கள் இருந்தென்ன, போயென்ன என்று வழி விடச் சொன்னான்.

போனவர்கள் ஒருவர் விடாமல் திரும்பினார்கள். ஓலையும் மூங்கிலுமாகச் சுமந்து வந்து, நீரில் குதித்து அடைத்தார்கள், மண் கொட்டினார்கள், மழையிலேயே மிதித்தார்கள். ஏரி நின்றது. அவர்கள் குழந்தைகள் கூரையில்லாமல் நனைந்தன.

"குடிசைப் பக்கம் அடிக்கவும் ஆளில்லை, பரிசும் சொல்லவில்லை. பிறகு ஏன்?" என்று கேட்டான் செங்கோடன்.

"நாங்க போட்ட கரைங்க அது. உடையறதைப் பார்த்துக்கிட்டு நிக்க மனசு வருமா?" என்றாள் பூவாத்தாள்.

செய்தி கேட்டு மன்னன் வந்தான். "உன் சாட்டைதானே கரையைக் காத்தது?" என்றான்.

ஆமாம் என்றால் தலை தப்பும். ஆனாலும் செங்கோடன் சொன்னான்: "இல்லை மன்னா. கரையைக் காத்தவர்கள் இவர்கள். இவர்களை மறித்து வயலை மூழ்கடித்தவன் நான்."

உண்மை சொன்னவன் தலையை மன்னன் எடுக்கவில்லை. கண்காணி வேலையை மட்டும் பறித்துக்கொண்டு, அந்தக் குடிசைகளுக்கெல்லாம் கூரை வேய்ந்து கொடுக்கும்படி அவனை விட்டுப் போனான். காவலுக்கு யாரையும் வைக்கவில்லை. செங்கோடன் கடைசிக் கூரைவரை வேய்ந்தான்.

அடிக்கும் பரிசுக்கும் மட்டுமே மனிதர் உழைப்பார் என்று எண்ணுபவன், தானாக உழைக்க வரும் கைகளையும் கட்டிப்போட்டுக் கெடுவான்.