கால் கிலோ சீனி

"மிஸ், கையத் தூக்கினதுல இருந்து பயமா இருக்கு" என்றாள் மாரீஸ்வரி.

காலையில் வகுப்பில் எஸ்தர் மிஸ் ஒரு கேள்வி கேட்டிருந்தார். படிப்பு முடிந்ததும் சொந்தமாகத் தொழில் தொடங்கப் போவது யார்?

பாதி வகுப்பு கை தூக்கியது. மாரீஸ்வரியின் கையும் எழுந்தது. காது வரைக்கும் போய் நின்றுவிட்டது.

"முதலாளியம்மாவுக்குக் கை சுளுக்கிக்கிச்சுடீ!" என்று கடைசி பெஞ்சு சிரித்தது.

இப்போது சாப்பாட்டு நேரம். கல்லூரி வேப்பமரத்தடி. மிஸ் சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரித்துச் சாப்பாட்டு டப்பாவை வெளியே எடுத்தார்.

"என்ன தொழில்?"

"பச்சப்புள்ளைங்க துணி மிஸ். எங்க அக்கா மகனுக்கு நான்தான் ஜப்லா தச்சேன். தெருவுல பாத்துட்டு நாலு பேர் கேட்டு வாங்கினாங்க."

"நல்லாத்தானே இருக்கு."

"மெட்ராஸ்ல வேலையும் கிடைச்சிருக்கு. வர்றேனா இல்லையான்னு நாளைக்குச் சொல்லியாகணும்."

"வீட்ல என்ன சொல்றாங்க?"



"எங்க வீட்ல யாரும் கடைன்னே பேச மாட்டாங்க மிஸ். அப்பா பஸ் ஸ்டாண்டுகிட்ட மளிகைக்கடை வச்சிருந்தார். நான் சின்னப்புள்ளையா இருக்கும்போதே நொடிச்சுப்போச்சு. இப்போ மில்லுக்குப் போறார். நான் ஜப்லா தைக்க உக்காந்தாலே அம்மா கண்ணத் துடைக்கிறா."

"கடைய மூடினது ஞாபகம் இருக்கா?"

"நல்லா இருக்கு. அந்த ஷட்டர் சத்தம் இன்னும் கேக்குது."

"கடை தெறந்திருந்தது?"

"அது ஞாபகம் இல்ல மிஸ்."

மிஸ் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. டப்பாவை மூடிவிட்டு எழுந்தார். புதுக் கட்டடத்துக்குக் கொட்டியிருந்த மணலில் இரண்டு கை அள்ளிக்கொண்டு வந்து அவள் முன்னால் குவித்தார். செய்தித்தாளை அவளிடம் நீட்டினார்.

"கால் கிலோ சீனி குடும்மா."

"ஐயோ மிஸ், யாராவது பாத்தா சிரிப்பாங்க."

"வீட்ல புள்ள பாலுக்கு அழுதுக்கிட்டு இருக்கு. சீக்கிரம்."

மாரீஸ்வரி சிரித்துக்கொண்டே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். தாளைக் கூம்பாகச் சுருட்டினாள். நுனியை நகத்தால் மடித்தாள். மணலைப் போட்டு, தரையில் மெல்லத் தட்டி, வாயை மூடினாள்.

அப்புறம் அவளுடைய வலது கை தானாக மேலே போனது. தலைக்கு மேல் எதையோ பிடித்து இழுக்கிற மாதிரி.

மேலே வேப்பங்கிளைதான் இருந்தது.

கை அங்கேயே நின்றது.

கடையில் நூல்கண்டு தொங்கும் இடம் அது. அதற்குக் கீழே அப்பா. பக்கத்தில் வெல்லமூட்டை மேல் அவள். மிளகாய் நெடி. வருகிற அக்காமார் அவள் கன்னத்தைக் கிள்ளுவார்கள். அப்பா ஒரு பிடி பொட்டுக்கடலையை அவள் பாவாடையில் போட்டுவிட்டு, யாரைப் பார்த்தாலும் ஒரே மாதிரி சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலமாயிற்று.

மாரீஸ்வரி கையை இறக்கினாள். இல்லாத நூலைப் பொட்டலத்தைச் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். இல்லாத நுனியைச் சுண்டி அறுத்தாள். நீட்டினாள்.

"வேற என்னக்கா வேணும்?"

கேட்டபிறகுதான், தான் யாரிடம் கேட்கிறோம் என்பதே அவளுக்குத் தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மிஸ் சிரிக்கவில்லை. பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆறு மாசப் புள்ளைக்கு ஒரு ஜப்லா."

மாரீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வெள்ளையா, பூப்போட்டதா?"