பந்தும் பந்தியும்

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சிஷ்யைக்கு முப்பத்து நான்கு. இந்தக் கதையில் அப்படித்தான்.

குருவின் பெயர் தமயந்தி. பெண்களுக்கான தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கில் அமராவதி அணிக்குப் பயிற்சியாளர். சிஷ்யை ஜெசிந்தா, அதே அணியின் கேப்டன். முன்பு இருவரும் ஒரே கிளப்பில் நான்கு வருடம் சேர்ந்து ஆடியவர்கள். தமயந்திக்கு முழங்கால் போன பிறகு அவள் பயிற்சியாளர் ஆனாள். அதனால் இங்கே குரு சிஷ்யையை ‘அக்கா’ என்பாள். சிஷ்யை குருவை ‘கோச்’ என்று கூப்பிட்டு, மரியாதைக்கு ‘நீங்க’ போடுவாள். போடும்போதெல்லாம் இருவருக்கும் லேசாகச் சிரிப்பு வரும்.

ஜெசிந்தாவுக்கு இதுதான் கடைசி சீசன். இனி முடியாது என்று கணுக்கால் சொல்லிவிட்டது. இப்படி ஒரு லீக் வராதா என்று பதினைந்து வருடம் காத்திருந்தவள் அவள். வந்தபோது முப்பத்தொரு வயதாகியிருந்தது. மூன்று சீசன் ஆடியும் அணி ஒரு தடவைகூட முதல் நான்கு இடத்துக்குள் வரவில்லை. போவதற்குள் ஒரே ஒரு அரையிறுதி ஆடிவிட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

பத்து ஆட்டங்களில் ஆறு முடிந்தன. அதில் ஐந்து தோல்வி. ஆறாவது ஆட்டத்துக்கு மறுநாள், பயிற்சி முடிந்ததும் ஜெசிந்தா வந்து நின்றாள்.

“கோச், மேட்சுக்கு இருபத்தஞ்சு பாயின்ட் போடுறேன். லீக்லயே நான்தான் அதிகம். அப்புறமும் ஏன் தோக்குறோம்?”

தமயந்தி கடிகாரத்தைப் பார்த்தாள்.

“சாப்பாட்டு நேரம்க்கா. இன்னைக்கு நீங்க பரிமாறுங்க.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”

“சாம்பார் ஆறிடும்.”

விடுதியில் எல்லோரும் தரையில் வரிசையாக உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். ஒவ்வொருத்தியும் ஆறடிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. அந்தக் கால்களை எங்கே மடக்கி வைப்பது என்பதே பெரும்பாடு. ஜெசிந்தா வாளியைத் தூக்கினாள். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவள். சோறு, சாம்பார், பொரியல், அப்பளம் என்று நாலே நிமிடத்தில் முடித்துவிட்டு, வாளியை ‘ணங்’ என்று வைத்தாள்.

“எப்படி?”

“நல்ல வேகம்” என்றாள் தமயந்தி. “யாருக்கெல்லாம் போட்டீங்க?”

“கூப்பிட்டவங்களுக்கெல்லாம் போட்டேன்.”

“கூப்பிடாதவங்களுக்கு?”

ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள். வரிசையின் கடைசியில் நிஷா வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். அணியிலேயே இளையவள். வாய் திறந்து பேசுவது அபூர்வம்.

“ஏம்மா, சாம்பார் வேணும்னு கேட்க மாட்டியா?”

“நீங்க அதுக்குள்ள போயிட்டீங்க கேப்டன்” என்றாள் நிஷா.

“நாளைக்கும் நீங்கதான்க்கா” என்றாள் தமயந்தி.

மூன்றாம் நாள் ஜெசிந்தாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“நான் இங்க பந்து ஆட வந்தேனா, பந்தி பரிமாற வந்தேனா?”

“ரெண்டுக்கும் ஒரு எழுத்துதான்க்கா வித்தியாசம்.”

திட்டிக்கொண்டேதான் வாளியைத் தூக்கினாள். ஆனால் வாரக் கடைசிக்குள் அவளுக்குச் சில விஷயங்கள் தெரிந்துவிட்டன. மனோன்மணி தட்டின் மேல் கையைக் குறுக்கே வைத்து “போதும், போதும்” என்பாள், ஆனால் விரல்களை அகட்டி இடம் விட்டிருப்பாள். அஞ்சு என்பவள் மோருக்கென்று ஒரு பிடி சோற்றை ஓரமாக ஒதுக்கியிருப்பாள். நிஷா எதையும் கேட்கவே மாட்டாள். ரசம் வேண்டுமென்றால் சோற்றில் ஒரு குழி செய்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பாள்.

“இத்தனை நாளா இவளுங்ககூடத்தான் சாப்பிடுறேன்” என்றாள் ஜெசிந்தா. “ஒண்ணுமே தெரியல பாருங்க.”

தமயந்தி தன் தட்டை நீட்டி இன்னொரு அப்பளம் வாங்கிக்கொண்டாள்.

ஏழாவது ஆட்டத்தில் ஜெசிந்தா போட்டது பதினொரு பாயின்ட். அணி ஜெயித்தது. எட்டாவது ஆட்டத்தில் ஒன்பதுதான் போட்டாள். அதிலும் வெற்றி. ‘கேப்டனுக்கு வயதாகிவிட்டதா?’ என்று ஒரு பத்திரிகை கேட்டது. அதை ஜெசிந்தாவே கத்தரித்து விடுதிக் கதவில் ஒட்டினாள். ஒன்பதாவது ஆட்டத்தையும் ஜெயித்தார்கள்.

பத்தாவது ஆட்டம். ஜெயித்தால் அரையிறுதி, தோற்றால் வீடு.

கடைசி எட்டு விநாடி. ஒரு பாயின்ட் பின்தங்கியிருந்தார்கள். பந்து ஜெசிந்தாவிடம் இருந்தது. இரண்டு பேர் அவளை மறித்து நின்றார்கள். அது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. பின்னால் எம்பி அவர்கள் தலைக்கு மேலே போடுவது அவளுக்குக் கைவந்த வேலை. எம்பத்தான் போனாள். அப்போது இடது மூலையில் நிஷாவைப் பார்த்தாள். அவளை மறிக்க யாருமில்லை. நிஷா கத்தவில்லை, கையைத் தூக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் நெஞ்சுக்கு நேரே லேசாகக் குவித்து வைத்திருந்தாள்.

ஜெசிந்தா கொடுத்தாள்.

நிஷா எறிந்த பந்து வளையத்தில் இரண்டு சுற்று சுற்றியது. பிறகு வெளியே விழுந்தது. விசில் ஊதிவிட்டார்கள்.

நிஷா நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். ஜெசிந்தாதான் அவளைத் தூக்கிக்கொண்டு போய், முகம் கழுவிவிட்டு, தண்ணீர் குடிக்க வைத்து, மனோன்மணியின் மடியில் சாய்த்துவிட்டு வந்தாள். திரும்பி வரும்போது கேலரி காலியாகியிருந்தது. தமயந்தி மட்டும் பெஞ்சில் இருந்தாள். ஜெசிந்தா பக்கத்தில் உட்கார்ந்து கணுக்காலில் சுற்றியிருந்த டேப்பை உரிக்க ஆரம்பித்தாள்.

“கோச், நானே போட்டிருந்தா விழுந்திருக்குமா?”

தமயந்திக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றில்லை. அக்காவிடம் சொல்ல மனம் வராது.

“விழுந்திருக்கும்.”

டேப்பை உரித்த கை நின்றது. ‘நீங்க’ போன இடம் தெரியவில்லை.

“அப்புறம் ஏன்டி எனக்கு இதைக் கத்துக்குடுத்த? இந்த ஒரு பந்தை மட்டுமாவது நான் வச்சிருந்திருப்பேன்ல? என் கடைசி மேட்ச்டி இது!”

தமயந்தி அவள் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மீதி டேப்பை மெதுவாக உரித்தாள்.

“முழங்கால் போறதுக்கு முன்னாடி, என் கடைசி மேட்ச் ஞாபகம் இருக்காக்கா?”

“இல்லாமயா? மாநிலப் போட்டி ஃபைனல். கடைசிப் பந்து நான் போட்டு ஜெயிச்சோம். கப்பைத் தூக்கிக்கிட்டு மைதானம் பூரா ஓடினது நீதானே?”

“ஆமா. நீங்க அந்தப் பந்தைப் போடுறப்ப நான் எங்க நின்னேன்?”

ஜெசிந்தா யோசித்தாள். கூடை ஞாபகம் இருந்தது. எதிரே மறித்தவளின் முகம், அவள் காதில் இருந்த சின்னத் தோடு வரை ஞாபகம் இருந்தது. தமயந்தி மட்டும் எங்குமே இல்லை.

“வலது மூலையில” என்றாள் தமயந்தி. “பக்கத்துல ஒரு ஆள் இல்ல.”

ஜெசிந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. அப்படியே கேட்டாள்.

“குடுத்திருந்தா போட்டிருப்பியா?”

தமயந்தி சிரித்தாள்.

“எங்கேக்கா போடுறது! நானும் கோட்டைதான் விட்டிருப்பேன். ஆனா விடுறதுக்கு எனக்குன்னு ஒரு கோட்டை இருந்திருக்கும்.”